கேஸ் குழாயும் பெங்களூரா மாங்காயும்

எங்க பெரியப்பாவுக்கு கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்துல மூணு ஏக்கர் மாந்தோப்பு இருக்கு, முக்கால்வாசி பெங்களூரா மரம்தான். போன தடவ ஊருக்குப் போனப்ப நியூஸ்ல ரஷ்யா கேஸு, ஐரோப்பான்னு ஏதோ ஓடிட்டு இருந்துச்சு. அவரு சாப்ட்டுக்கிட்டே கேட்டாரு, "ஏன்டா, அவன் குடுக்கலன்னா இன்னொருத்தன்கிட்ட வாங்கிட்டு போக வேண்டியதுதான? காசு இருக்கறவனுக்கு கேஸா கெடைக்காது?" எனக்கு சட்டுனு பதில் வரல. அப்பறம் யோசிச்சுப் பாத்தா பதில் அவரு தோப்புலயே இருக்கு, அதத்தான் கொஞ்சம் நீட்டி எழுதறேன்.

மொதல்ல ஒரு குழப்பத்த தீத்துடலாம். நம்ம வீட்டு சிலிண்டர்ல வர்றது வேற, இந்தக் குழாய்ல போறது வேற. சிலிண்டர்ல இருக்கறது எல்பிஜி, ஓரளவு அழுத்தினாலே திரவமாயிடும், அதனாலதான் பைக் பின்னாடி கட்டிக்கூட எடுத்துட்டு வர முடியுது. இயற்கை எரிவாயுன்னு சொல்றது பெரும்பாலும் மீத்தேன். அது லேசுல மசியாது, நம்ம ஊர் வெயில்ல எவ்ளோதான் அழுத்தினாலும் திரவமாகவே ஆகாது. மைனஸ் 162 டிகிரிக்கு குளிர வச்சாத்தான் திரவமாகும், அப்படி ஆனா 600 மடங்கு சுருங்கும். அந்தத் திரவத்துக்குப் பேருதான் எல்என்ஜி. அதுக்குன்னு தனி ஆலை, தனி கப்பல், எறக்கற துறைமுகத்துல மறுபடி சூடாக்கி வாயுவாக்கற டெர்மினல், இவ்ளோ வேணும். இல்லன்னா ஒரே வழி குழாய் புதைக்கறது.

இப்ப தோப்புக்கு வருவோம். நம்ம மாவட்டத்துல புளியும் இருக்கு மாங்காயும் இருக்கு. புளிய தட்டி, கொட்டை எடுத்து, குடோன்லயோ கோல்ட் ஸ்டோரேஜ்லயோ போட்டு வச்சா வெலை ஏறறப்ப வித்துக்கலாம், இந்த யாவாரி கேக்கற வெலை புடிக்கலன்னா அடுத்த யாவாரி. பெங்களூரா மாங்கா அப்படி இல்ல. பெரும்பாலும் மாங்கூழ் ஃபேக்டரிக்குத்தான் போகுது, மரத்துல முத்திடுச்சுன்னா அறுத்தே ஆகணும், அறுத்தா ரெண்டு மூணு நாள்ல ஃபேக்டரி வாசல்ல எறக்கியே ஆகணும். 2025 சீசன்ல வெலை அடிமட்டத்துக்குப் போனப்ப டிராக்டர்ல ஏத்தின மாங்காயோட வாசல்ல காத்துக் கெடந்தவங்களுக்கு இது நல்லா தெரியும். கச்சா எண்ணெய் புளி மாதிரி, எந்த டேங்கர்லயும் ஏத்தலாம், எந்த நாட்டுக்கும் அனுப்பலாம். குழாய் கேஸு பெங்களூரா மாங்கா மாதிரி. இந்த ஒரு வித்தியாசம் புரிஞ்சுடுச்சுன்னா கேஸ் அரசியல்ல பாதி புரிஞ்ச மாதிரி.

ஆனா மாங்காய விட கேஸ்ல ஒரு விசேஷம், இங்க ரெண்டு பேருமே மாட்டிக்கறாங்க. விக்கறவன் கோடி கோடியா கொட்டி குழாய் போட்டிருப்பான், அந்தக் குழாய புடுங்கி வேற நாட்டுப் பக்கம் திருப்ப முடியாது. வாங்கறவன் அந்த கேஸ நம்பி கரண்ட் ஸ்டேஷன், உர ஆலை, வீட்டு ஹீட்டர்னு எல்லாத்தையும் கட்டிட்டான், அவனாலயும் மறுநாளே மாத்த முடியாது. கல்யாணம்னு வச்சுக்கங்களேன், அதுவும் விவாகரத்து செலவு தாங்காத கல்யாணம்.

செலவுக் கணக்கு எப்படின்னா, குழாய்ல கிட்டத்தட்ட மொத்த காசும் ஆரம்பத்துலயே போயிடும். ரஷ்யாவுலருந்து பால்டிக் கடலுக்கு அடில ஜெர்மனிக்குப் போற நார்ட் ஸ்ட்ரீம் 1, 1,224 கிலோமீட்டர், 2011-ல ஓட ஆரம்பிச்சது, செலவு 740 கோடி யூரோ. வருஷத்துக்கு 5,500 கோடி கன மீட்டர் கேஸ் தள்ளலாம். நெலத்து மேல போற குழாயா இருந்தா நூறு நூத்தைம்பது கிலோமீட்டருக்கு ஒரு கம்ப்ரசர் ஸ்டேஷன் வேற வேணும், ஏன்னா போகப் போக அழுத்தம் கொறைஞ்சுடும், திரும்ப தள்ளி விடணும். இதெல்லாம் போட்டு முடிச்சாச்சுன்னா தெனம் ஓட்டற செலவு பெருசா இல்ல. அதாவது குழாய் முழுசா ஓடினாத்தான் லாபம், பாதி காலியா ஓடினா வட்டி கட்டவே ஆகாது.

அதனால கடன் குடுக்கற பேங்க்காரன் என்ன சொல்வான்? இருபது இருபத்தஞ்சு வருஷத்துக்கு அக்ரிமெண்ட் கொண்டா, வாங்கறவன் கையெழுத்து கொண்டா, அப்பத்தான் பணம்னு சொல்வான். அந்த அக்ரிமெண்ட்ல ஒரு ஷரத்து இருக்கும், எடுத்தாலும் காசு, எடுக்கலன்னாலும் காசு. வருஷத்துக்கு இவ்ளோ எடுப்பேன்னு ஒத்துக்கிட்டா, எடுக்காததுக்கும் பணம் கட்டணும். இது கப்பல்ல வர்ற எல்என்ஜிக்கும் உண்டு. எல்என்ஜி எறக்குமதி பண்ற நம்ம பெட்ரோநெட் கம்பெனி கத்தார்காரங்ககிட்ட வருஷத்துக்கு 75 லட்சம் டன் வாங்க ஒத்துக்கிட்டு இருந்தாங்க, 2015-ல வெளிச் சந்தைல வெலை ரொம்ப எறங்கிடுச்சு, இவங்க ஒத்துக்கிட்டதுல கிட்டத்தட்ட 32 சதவீதம் கொறைச்சு எடுத்தாங்க. கணக்குப்படி அபராதம் ஏறக்குறைய 12,000 கோடி ரூபாய். அந்த வருஷ டிசம்பர்ல உக்காந்து பேசி, அபராதத்த தள்ளுபடி பண்ணி, வெலை கணக்கையும் மாத்திக்கிட்டாங்க, பதிலுக்கு கூடுதலா 10 லட்சம் டன் வருஷா வருஷம் வாங்கறோம்னு இந்தியா ஒத்துக்கிச்சு. கத்தார் ஏன் எறங்கி வந்துச்சுன்னு கேட்டா, இந்தியா மாதிரி வாங்கற கை அடுத்த இருபது வருஷத்துக்கும் வேணும். 2024-ல அதே அக்ரிமெண்ட 2048 வரைக்கும் நீட்டிக்கிட்டாங்க பாருங்க.

இது வரைக்கும் ரெண்டு பேரு கதை. மூணாவது ஆளு வந்தாத்தான் சினிமாவே. குழாய் இன்னொரு நாட்டு வழியா போகணும்னா அவனுக்கு வழிக் காசு குடுக்கணும், நம்ம கிருஷ்ணகிரி டோல்கேட் மாதிரி. டோல்கேட்ல ஃபாஸ்டேக் வேல செய்யலன்னா வண்டி நிக்கும், அவ்ளோதான், சுத்திப் போக வேற ரோடாச்சும் இருக்கும். குழாய்ல டோல்கேட்காரன் நெனச்சா மொத்த ரோடையும் மூடலாம், இல்ல வழில கொஞ்சம் உருவிக்கலாம்.

இதுக்கு உக்ரைன விட நல்ல உதாரணம் இல்ல. சோவியத் காலத்துல குழாய் போட்டப்ப உக்ரைன் தனி நாடே இல்ல, எல்லாம் ஒரே வீடு. 1991-ல வீடு பாகம் பிரிஞ்சுச்சு, ஐரோப்பாவுக்குப் போற குழாய்ல பெரும்பகுதி தம்பி பங்குல மாட்டிக்கிச்சு. ரஷ்யா உக்ரைனுக்கு ஆயிரம் கன மீட்டர் 50 டாலர்னு சல்லிசா குடுத்துட்டு இருந்துச்சு, அங்க அரசியல் மேற்கு பக்கம் சாஞ்சதும் 230 டாலர் குடுன்னு கேட்டுச்சு. 2006 ஜனவரி 1-ஆம் தேதி வால்வ மூடினாங்க, நாலு நாள்ல சமாதானம். 2009 ஜனவரில மறுபடி, இந்தத் தடவ ரெண்டு வாரம் பக்கம், அதுவும் நடு குளிர்காலத்துல. சண்டை போட்டது ரெண்டு பேரு, நடுங்குனது பல்கேரியா, ஸ்லோவாக்கியா மக்கள். ரஷ்யாக்காரன் உக்ரைன்காரன் திருடறான்னான், உக்ரைன்காரன் ரஷ்யா அனுப்பவே இல்லன்னான், நம்ம வாய்க்கா வரப்பு பஞ்சாயத்துல கேக்கற அதே வசனம்.

டோல்கேட்காரன் தொல்ல தாங்கலன்னா என்ன பண்ணுவோம்? பைபாஸ். ரஷ்யாவும் அதத்தான் பண்ணுச்சு. பால்டிக் கடல் வழியா நார்ட் ஸ்ட்ரீம், கருங்கடல் வழியா துருக்கிக்கு 2020-ல டர்க்ஸ்ட்ரீம். பைபாஸ் வந்தா பழைய ரோட்டு ஓட்டல்கள் என்ன ஆகும்னு நமக்கு சொல்லித் தர வேண்டியதில்ல. உக்ரைனுக்கு வழிக் காசு மட்டும் பிரச்சின இல்ல, அவங்க மண்ணு வழியா கேஸ் போற வரைக்கும் ரஷ்யா நம்மள ஒன்னும் பண்ணாதுன்னு ஒரு தைரியம் இருந்துச்சு, அது போயிடும்ங்கறதுதான் பயம். ஒன்னு சொல்லணும், 2022-ல போர் வந்த பின்னாடியும் அந்தக் குழாய்ல கேஸ் ஓடிட்டே இருந்துச்சு. மேல குண்டு விழுது, கீழ எதிரியோட கேஸ் போகுது, அதுக்கு வழிக் காசும் வருது. அந்த அஞ்சு வருஷ அக்ரிமெண்ட் முடிஞ்சு 2025 ஜனவரி 1-லதான் நின்னுச்சு.

ஜெர்மனி ஏன் இவ்ளோ நம்புச்சுன்னு கேக்கலாம். அதுக்கு 1970-க்கு போகணும். மேற்கு ஜெர்மனி பெரிய எஃகுக் குழாய் குடுக்கும், சோவியத் கேஸ் குடுக்கும்னு பண்டமாத்து அக்ரிமெண்ட், 1973-ல கேஸ் வர ஆரம்பிச்சுச்சு. 1980-கள் ஆரம்பத்துல சைபீரியாவுலருந்து இன்னொரு பெரிய குழாய் போட்டப்ப அமெரிக்க அதிபர் ரீகன் வேணாம்னு தடை போட்டாரு, ஐரோப்பிய நாடுகளே ஒத்துக்கல, 1982 நவம்பர்ல தடைய எடுத்துட்டாரு. அதுக்கப்பறம் சோவியத்தே ஒடைஞ்சப்பகூட ஜெர்மனிக்கு கேஸ் தடங்கல் இல்லாம வந்துச்சு. நாப்பது வருஷம் ஒழுங்கா வட்டி கட்டின ஆளு கேட்டா நாமளும் குடுப்போம்ல, அந்த மாதிரிதான். 2021-ல ஐரோப்பிய ஒன்றியம் எறக்குமதி பண்ண கேஸ்ல 45 சதவீதம் பக்கம் ரஷ்யாவோடது.

2022-ல என்ன நடந்துச்சுன்னு பாத்தா, ரஷ்யா வால்வ ஒரே நாள்ல மூடல. ஜூன்ல நார்ட் ஸ்ட்ரீம் 40 சதவீதத்துக்கு கொறைஞ்சுச்சு, காரணம் கேட்டா ரிப்பேருக்கு கனடா போன டர்பைன் திரும்பி வரலன்னாங்க. ஜூலைல 20 சதவீதம். ஆகஸ்ட் கடைசில சுத்தமா நின்னுச்சு. செப்டம்பர் 26 கடலுக்கு அடில குண்டு வெடிச்சு நார்ட் ஸ்ட்ரீம்ல இருந்த நாலு லைன்ல மூணு ஒடைஞ்சுச்சு, அதுல 2021-லயே கட்டி முடிச்சும் ஒரு நாள்கூட வியாபாரத்துக்கு ஓடாத நார்ட் ஸ்ட்ரீம் 2-ல ஒரு லைனும் சேத்தி.

இங்கதான் பெரியப்பா கேள்விக்கு பதில். ஜெர்மனி வேற ஆளுகிட்ட வாங்கத்தான் செஞ்சுச்சு, ஆனா அது வரைக்கும் அந்த நாட்டுல ஒரு எல்என்ஜி டெர்மினல்கூட இல்ல, குழாய்லயே சல்லிசா வர்றப்ப எதுக்குன்னு விட்டுட்டாங்க. ஒகேனக்கல் தண்ணி தெனம் வருதுன்னு வீட்டுல சம்ப்பும் கட்டாம, பழைய போர்வெல்லையும் மூடிட்டவன் கதை. தண்ணி நின்னா லாரிக்காரன் சொன்னதுதான் வெலை. 2022 ஆகஸ்ட்ல ஐரோப்பாவுல கேஸ் வெலை ஒரு மெகாவாட்-மணிக்கு (அங்க கேஸுக்கு வெலை சொல்ற அளவு அது) 300 யூரோவ தாண்டிச்சு, வழக்கமான காலத்துல அது 20 யூரோ பக்கம் இருக்கும். வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன்ல மிதக்கற டெர்மினல் ஒன்ன அவசர அவசரமா கட்டி டிசம்பர்லயே தொறந்தாங்க. காசு இருந்துச்சு, செஞ்சாங்க. ஆனா ஐரோப்பாக்காரன் லாரி லாரியா வாங்கினா தெருக்கோடில இருக்கறவனுக்கு தண்ணி ஏது? அந்த வருஷம் பாகிஸ்தான் டெண்டர் விட்டு ஒரு கம்பெனிகூட வரல. நம்ம அரசு கேஸ் கம்பெனி கெயிலுக்கு, ரஷ்ய அரசு கேஸ் கம்பெனி கஸ்ப்ரோமோட சிங்கப்பூர் கிளை அனுப்ப வேண்டிய கப்பல்கள் வரல, ஏன்னா அந்தக் கிளைக்கு மேல ஜெர்மனில இருந்த தாய் கம்பெனிய ஜெர்மனி அரசு எடுத்துக்கிச்சு. கெயில் உர ஆலைகளுக்கு கேஸ கொறைக்க வேண்டியதாப் போச்சு. இத சொன்னப்பதான் பெரியப்பா நிமிர்ந்து உக்காந்தாரு, "யூரியாவுக்கும் இதுக்கும் என்னடா?"ன்னாரு. யூரியாவே கேஸ்லருந்துதான் செய்யறாங்க பெரியப்பா. நீங்க 45 கிலோ மூட்டைய 266 ரூபாய் சொச்சத்துக்கு வாங்கறீங்க, உலக வெலை எவ்ளோ ஏறினாலும் உங்களுக்கு அதே வெலை, மிச்சத்த மத்திய அரசு மானியமா கட்டுது. அதனாலதான் உங்களுக்கு சூடு தெரியல.

ரஷ்யாவும் தப்பிக்கல. ஐரோப்பாவுக்கு போன கேஸ சீனாவுக்கு திருப்பி விட வேண்டியதுதானன்னு எல்லாரும் சொன்னாங்க. முடியாது. ஐரோப்பாவுக்கு போறது மேற்கு சைபீரியா கேஸு, சீனாவுக்கு 2019 டிசம்பர்ல தொறந்த பவர் ஆஃப் சைபீரியா குழாய்க்கு வர்றது கெழக்கு சைபீரியா கேஸு, ரெண்டுக்கும் நடுல இணைப்பே இல்ல. பாலக்கோட்டுல இருக்கற தக்காளிய ஓசூர் சந்தைக்கு கொண்டு போக ரோடே இல்லன்னா எப்படியோ அப்படி. அந்த சீன அக்ரிமெண்டும் பாருங்க, வெலை பேசிப் பேசியே பத்து வருஷம் பக்கம் இழுத்துச்சு, 2014 மார்ச்ல கிரிமியாவ ரஷ்யா எடுத்துக்கிட்டு மேற்கு நாடுங்க மூஞ்ச திருப்பின ரெண்டே மாசத்துல, மே 21-ஆம் தேதி கையெழுத்தாச்சு. வருஷத்துக்கு 3,800 கோடி கன மீட்டர், 30 வருஷம். இன்னொரு வீட்டுல பொண்ணு தரமாட்டேன்னு சொல்லிட்டது தெரிஞ்சா இந்த வீட்டுக்காரன் வரதட்சண கேக்காமயா இருப்பான்? இப்ப மங்கோலியா வழியா ரெண்டாவது குழாய் பேச்சு நடக்குது, வெலைய முடிக்க சீனா அவசரமே படல.

எல்லாரும் இப்படி வால்வ திருகிட்டே இருக்காங்கன்னு நெனச்சுக்காதீங்க. கத்தார்லருந்து ஐக்கிய அரபு அமீரகத்துக்கு 2007-லருந்து டால்ஃபின்னு ஒரு குழாய் ஓடுது. 2017-ல அமீரகமும் சவுதியும் சேந்து கத்தார ஒதுக்கி வச்சாங்க, விமானம் போகாது, கப்பல் போகாது, தூதர்கள் வெளியேத்தம். குழாய் மட்டும் ஓடிட்டே இருந்துச்சு. கத்தார் மூடல, அமீரகமும் வேணாம்னு சொல்லல. எனக்கு கேஸ் குழாய் கதைலயே புடிச்ச இடம் இதுதான். அல்ஜீரியா கதை நேர் எதிர், மொராக்கோ வழியா ஸ்பெயினுக்கு 1996-லருந்து ஓடின குழாய 2021 அக்டோபர் கடைசில மூடிட்டாங்க, ஸ்பெயினுக்கு கடல் வழியா வேற குழாய் இருந்ததால அவங்களுக்கு துணிச்சல். மாட்டினது மொராக்கோ. அடுத்த வருஷமே அதே குழாய்ல கேஸ் திரும்பி ஓடுச்சு, மொராக்கோ எல்என்ஜி வாங்கி ஸ்பெயின்ல எறக்கி, வாயுவாக்கி, பழைய குழாய்ல கீழ கொண்டு வந்துக்கிச்சு.

இந்தியாவுக்கு இப்படி ஒரு குழாயாவது இருக்கான்னா, கேஸுக்கு ஒன்னுகூட இல்ல. நேபாளத்துக்கும் பங்களாதேஷுக்கும் நாம டீசல் அனுப்பற குழாய் உண்டு, அதோட சரி. முயற்சி பண்ணாம இல்ல. ஈரான்லருந்து பாகிஸ்தான் வழியா ஒரு குழாய்னு 1990-கள்லருந்து பேச்சு, வெலை ஒத்து வரல, அமெரிக்க நெருக்கடி, பாகிஸ்தான் வழியா வர்றத நம்பறதான்னு தயக்கம், நாம மெல்ல வெலகிட்டோம். துர்க்மெனிஸ்தான்லருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியா பஞ்சாப்ல ஃபாசில்கா வரைக்கும் தாபின்னு ஒரு குழாய், சுமார் 1,800 கிலோமீட்டர், 2015 டிசம்பர்ல பூமி பூஜை போட்டாங்க. ஆப்கானிஸ்தான்ல இப்பத்தான் வேல நகருது. மூணாவது மியான்மர், இதுதான் எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல். 2005-ல மியான்மர், பங்களாதேஷ், இந்தியா மூணும் குழாய் பத்தி ஒக்காந்து பேசுச்சு, வழி விட பங்களாதேஷ் சில நிபந்தனை போட்டுச்சு, நாம யோசிச்சுக்கிட்டே இருந்தோம், சீனா வந்து 2013-ல குழாய போட்டு யுனான் மாகாணத்துக்கு கேஸ கொண்டு போயிடுச்சு. அந்த கேஸ் வயல்ல நம்ம அரசு கம்பெனிங்க ஓஎன்ஜிசி விதேஷுக்கும் கெயிலுக்கும் பங்கு இருக்கு! தோப்புல நமக்கும் பங்கு, மாங்கா பக்கத்து வீட்டுக்கு. அதனால நாம கப்பலுக்கே போயிட்டோம், இப்ப நாடு பயன்படுத்தற கேஸ்ல பாதி பக்கம் எல்என்ஜியா எறங்குது. வெலை கூடத்தான், ஆனா கத்தார் இல்லன்னா அமெரிக்கா, அமெரிக்கா இல்லன்னா ஆஸ்திரேலியான்னு கேக்கலாம்ல. இந்தியா செஞ்சது சரின்னுதான் 2022-க்கு அப்பறம் எனக்குத் தோணுது.

ஒன்ன மட்டும் நம்ம ஊர்க்காரங்க கவனிக்கணும். வழி விடற நாடுன்னு உக்ரைனையும் மொராக்கோவையும் சொன்னேனே, ஒரு வகைல நாமளும் அதுதான். கொச்சில 2013-ல எல்என்ஜி டெர்மினல் தொறந்தாங்க, அங்கருந்து பெங்களூருக்கு கெயில் குழாய், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரின்னு ஏழு மாவட்டம் வழியா. விவசாயிங்க எதுத்தாங்க, நெடுஞ்சாலை ஓரமா கொண்டு போங்கன்னு அன்னைக்கு முதல்வரா இருந்த ஜெயலலிதா சொன்னாங்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2016 பிப்ரவரில கெயில் பக்கம் தீர்ப்பாச்சு. குழாய் இல்லாததால கொச்சி டெர்மினல் வருஷக்கணக்கா முக்கால்வாசிக்கு மேல சும்மா கெடந்துச்சு, 2021 ஜனவரில மங்களூர் பக்கம் லைன் தொறந்த பின்னாடிதான் மூச்சு விட்டுச்சு. ஆனா நாட்டுக்கு குடுக்கற மாதிரி நமக்கு வருஷா வருஷம் வழிக் காசு கெடையாது. 1962-ஆம் வருஷச் சட்டப்படி நெலம் உங்க பேருலதான் இருக்கும், குழாய் புதைக்கற உரிமைய மட்டும் எடுத்துப்பாங்க, நெலத்தோட சந்தை மதிப்புல பத்து சதவீதமும் பயிர் சேதமும் ஒரு தடவ குடுத்தா போதும்னு அந்தச் சட்டம் சொல்லுது. அதுக்கு மேல அந்தப் பட்டைல வீடு கட்டக் கூடாது, கெணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. மா, தென்னை வச்சு பொழைக்கற ஊர்ல மரம் வைக்காதன்னு சொன்னா அந்த நெலத்துக்கு என்ன அர்த்தம்? உக்ரைன்காரன் முப்பது வருஷத்துக்கு மேல வாங்கின காச நம்ம விவசாயி கேட்டா அது வளர்ச்சிக்கு எடைஞ்சல்ங்கறாங்க.

எல்லாத்தையும் கேட்டுட்டு பெரியப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்பறம், "அப்ப மாமரத்த கழிச்சுட்டு புளிய வைக்கச் சொல்றியா?"ன்னாரு. நான் சும்மா, "வைக்கலாம் பெரியப்பா"ன்னேன். "புளி காய்க்க பத்து வருஷம் ஆகும்டா, அது வரைக்கும் ஜெர்மனிக்காரனா வந்து சோறு போடுவான்?"னு சொல்லிட்டு கை கழுவ எந்திரிச்சுட்டாரு.